உளவியல் படிக்கிற பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு என்று கேட்கிறவர்களுக்கு

இது நீளமான பதிவு. "சார், பெல் அடிச்சு பத்து நிமிஷம் ஆச்சு" என்று அந்தக் காலத்திலேயே கடைசி பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மற்றவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

உளவியல் பட்டப்படிப்பில் 'ஆராய்ச்சி முறையியல்' என்று ஒரு தாள் இருக்கிறது. அதோடு ஒட்டினாற்போல் புள்ளியியலும் இருக்கும். அந்தப் படிப்பில் வேறு எதை விட்டாலும் இந்த இரண்டை விடக்கூடாது என்பது என் கட்சி. நம் குடும்பத்தில் பல பேரும், வருத்தத்தோடு சொல்கிறேன், பல கல்லூரிகளும் அதை வேண்டாத சுமை என்றே நினைக்கிறார்கள்.

என் பேத்தி எம்.எஸ்ஸி. உளவியல் படிக்கிறாள். போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பி நிரப்பித் தரச் சொல்லியிருந்தாள். வந்த பதில்களை எல்லோரும் பார்த்தோம். "மனசைப் படிக்கிற பிள்ளைக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எதுக்கும்மா?" என்று ஒரு சித்தப்பா. "ஆறுதலா நாலு வார்த்தை பேசத் தெரிஞ்சாப் போதாதா?" என்று ஒரு அத்தை. ஒரு மாப்பிள்ளை ஒரு படி மேலே போய், "காசு குடுத்தா புராஜெக்ட்டை பைண்டிங் போட்டே தந்துருவாங்க, நம்பர் அனுப்பவா?" என்று கேட்டுவிட்டார். எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபித்தாலும் பரவாயில்லை, வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

முதலில் அந்தத் தாளில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம். பெயர்கள்தான் பயமுறுத்தும். விஷயம் நம் கடைத்தெருவில் தினமும் நடப்பது.

ஏரல் கடைத்தெருவில் காய் வாங்குகிறோம். ஒரு தராசு ஒவ்வொரு முறையும் கிலோவுக்கு நூறு கிராம் குறைத்தே நிறுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நிறுத்தாலும் மாலையில் நிறுத்தாலும் அதே நூறு கிராம்தான் குறையும். அந்தத் தராசு மாறாமல் ஒரே மாதிரி நிறுக்கிறது. ஆனால் தப்பாக நிறுக்கிறது. முதலாவதற்கு நம்பகத்தன்மை என்று பெயர். சொன்னதைத்தான் அளக்கிறதா என்பதற்கு ஏற்புடைமை என்று பெயர். ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போகலாம். அதனால்தான் தராசுக்கு முத்திரை போட அரசாங்கத்தில் ஒரு துறையே இருக்கிறது. அரைக் கிலோ வெண்டைக்காய்க்கு முத்திரைத் தராசு கேட்கிற நாம், பிள்ளையின் அறிவையும் மனசையும் அளக்க வருகிறவனிடம் "உன் தராசுக்கு முத்திரை எங்கே?" என்று கேட்பதில்லை. அதைக் கேட்கப் படிப்பதுதான் அந்தத் தாள்.

அடுத்தது மாதிரி எடுப்பது. 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அது சோற்றுக்குச் சரி. பானைக்குள் இருப்பது ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. நடுவில் அகப்பையால் கிண்டியும் விட்டிருக்கிறோம். மனிதர்கள் ஒரு பானைச் சோறு இல்லை. ஆற்றங்கரையில் வாழை போட்டவரும் தேரிக்காட்டில் பனை ஏறுகிறவரும் தூத்துக்குடி உப்பளத்தில் நிற்கிற அக்காவும் ஒரே பானையில் வேகவில்லை. கல்லூரி விடுதியில் கூட இருக்கிற நூறு பேரிடம் ஃபார்ம் வாங்கிவிட்டு 'தென் மாவட்ட இளைஞர்களின் மன அழுத்தம்' என்று தலைப்புப் போடுவது, மேலாக மிதக்கிற ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு ஊர் முழுக்க எல்லா வீட்டு உலையும் வெந்துவிட்டது என்று சொல்வது போல.

மூன்றாவது, ஒப்பிட ஆள் வைத்துக்கொள்வது. சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஏழு நாளில் போகும், சாப்பிடாவிட்டால் ஒரு வாரத்தில் போகும் என்று கேலியாகச் சொல்வோமே, அந்தக் கேலிக்குள் மொத்தப் பாடமும் இருக்கிறது. மருந்து சாப்பிடாதவனையும் கூடவே பார்த்தால்தான் மருந்து என்ன செய்தது என்று தெரியும்.

இவ்வளவுதான். இதற்குள் என்ன ஆறுதல் வார்த்தை இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் 'மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன்' என்று ஒரு வியாபாரம் நம் ஊர்ப் பக்கமெல்லாம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? பிள்ளையின் நடு மூளையைத் தூண்டிவிடுவோம், கண்ணைக் கட்டிக்கொண்டே புத்தகம் வாசிக்கும், சைக்கிள் ஓட்டும், நிறம் சொல்லும் என்றார்கள். ஆயிரக்கணக்கில் பணம். மேடையில் பிள்ளைகள் கண் கட்டோடு வாசித்தார்கள். கீழே அப்பா அம்மா கண்ணீர் விட்டார்கள். மங்களூரைச் சேர்ந்த நரேந்திர நாயக் என்ற பகுத்தறிவாளர் இதைச் சோதித்துக் காட்டினார். பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. கண்ணைக் கட்டினாலும் மூக்கின் ஓரத்தில் சின்ன இடைவெளி இருக்கும், அதன் வழியாகத்தான் பிள்ளை பார்க்கிறது. அந்த இடைவெளியை அடைத்ததும் மூளையின் அதிசய சக்தி நின்றுபோயிற்று.

மூக்கிடுக்கை அடைப்பதுதான் ஆராய்ச்சி முறையியல். 'நான் நம்புகிற காரணத்தைத் தவிர வேறு எந்த வழியாகவாவது இது நடந்திருக்குமா?' என்று கேட்டு, அந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பது. 1907இல் பெர்லினில் ஆஸ்கர் பூங்ஸ்ட் என்ற உளவியல் மாணவர் இதையேதான் ஒரு குதிரையிடம் செய்தார். ஹான்ஸ் என்ற அந்தக் குதிரை கணக்குப் போடும் என்று ஊரே நம்பியது. கூட்டல் கேட்டால் காலால் தட்டி விடை சொல்லும். கேட்கிறவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை, கேட்கிறவரைக் குதிரை பார்க்க முடியாதபோதும் தெரியவில்லை என்று பூங்ஸ்ட் கண்டுபிடித்தார். சரியான எண் வந்ததும் கேட்டவரின் உடம்பில் தன்னையறியாமல் ஒரு சின்ன அசைவு வருகிறது. அதைப் பார்த்துத்தான் குதிரை காலை நிறுத்துகிறது. குதிரையின் சொந்தக்காரர் ஏமாற்றுக்காரர் இல்லை, அவரும் மனசார நம்பினார். உளவியல் மாணவர்களுக்கு இந்தக் கதையை இன்றைக்கும் சொல்லித் தருவது அதனால்தான். நல்ல மனசோடு நம்புகிறவரும் தப்பாகப் போகலாம்.

இன்னொன்று இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. டி.எம்.ஐ.டி. என்று பெயர். பிள்ளையின் பத்து விரல் ரேகையை எடுத்து, அவன் டாக்டர் ஆவானா, பாட்டுக்காரன் ஆவானா, எந்தப் பாடம் வரும், எது வராது என்று பல பக்கத்துக்கு வண்ண அறிக்கை தருகிறார்கள். ஒரு பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும் இடத்திலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். ரேகைக்கும் அறிவுத்திறனுக்கும் இப்படி முடிச்சுப் போட அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே சொல்லியாயிற்று. ஆனாலும் கடை நடக்கிறது. கைரேகை ஜோசியக்காரர் பாவம், வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். இவர்கள் லேப்டாப் வைத்திருக்கிறார்கள், வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. 'உனக்குக் கணக்கு வராது என்று விரலே சொல்லுது' என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் சொன்னால் அவன் அதற்கப்புறம் கணக்குப் புத்தகத்தை எப்படித் திறப்பான்? முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் கேட்கிறேன். வராது என்று சொல்லப்பட்ட எத்தனை பேர் இப்போது இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்? பாங்கில் இருக்கிறீர்கள், ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறீர்கள், என்னைவிட நன்றாகக் கணக்குப் பார்க்கிறீர்கள்.

இப்படி மேஜை போடுகிறவர்களை வாசலிலேயே நிறுத்த வேண்டியது யார்? அந்தப் பள்ளியின் ஆலோசகர். அவர் உளவியல் படித்தவராக இருந்தும் 'இந்தச் சோதனைக்கு ஏற்புடைமை எங்கே நிரூபித்திருக்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை என்றால், அந்தத் தாளை அவர் மனப்பாடம் பண்ணித் தாண்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

சரி, வியாபாரிகளை விடுவோம். நமக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ஊர் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வருகிற கூட்டம் உங்களுக்குத் தெரியும். மனக்கவலையோடு வந்து நிம்மதியோடு போகிறவர்களை நாம் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். கோயிலில் தங்கினால் மனநோய் குணமாகுமா? இதைப் பற்றி நம் குழுவில் வருஷத்துக்கு ரெண்டு தடவை சண்டை வரும். ஒரு பக்கம் பெரியம்மாக்கள், இன்னொரு பக்கம் சென்னையிலிருந்து வருகிற பகுத்தறிவு மருமகன்கள்.

இந்தக் கேள்வியை ஆராய்ச்சி முறையில் கேட்டவர்கள் இருக்கிறார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் அவருடன் சேர்ந்தவர்களும் தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலுக்குப் போனார்கள். அங்கே தங்க வந்த மனநோயாளிகள் 31 பேரை, வந்தபோது ஒரு முறையும் கிளம்பும்போது ஒரு முறையும் அளந்தார்கள். நோய்க்குறிகளை எண்ணால் அளக்கிற, உலகம் முழுக்கப் பயன்படுகிற ஒரு அளவுகோலைப் பயன்படுத்தினார்கள். பெரும்பாலோருக்குக் கடுமையான மனநோய். சில வாரம் தங்கிப் போகும்போது அந்த எண் சராசரியாகக் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளியானது.

பெரியம்மாக்கள் இப்போது கைதட்டக் கூடாது. மருமகன்களும் முகத்தைச் சுளிக்கக் கூடாது. முறையியல் படித்த பிள்ளை இதை எப்படி வாசிப்பாள் என்று பாருங்கள்.

முதலாவது, அளந்தார்கள். 'நம்பினால் குணமாகும்', 'எல்லாம் மூடநம்பிக்கை' என்று வீட்டிலிருந்தே தீர்ப்பு எழுதவில்லை. நேரில் போய்ப் பார்த்தார்கள், அதற்கு மரியாதை. இரண்டாவது, அங்கே தங்காத, அதே மாதிரி நோயுள்ள ஆட்களை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆகவே குறைந்தது கோயிலாலா, நாள்பட்டதாலா என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. மூன்றாவது, நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் வீட்டார் கூட்டிக்கொண்டு வருவார்கள். உச்சத்தில் இருப்பது கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 18ஆம் தேதி நாம் கற்பூரம் காட்டியிருந்தாலும் காட்டாவிட்டாலும் ஆறு வடிந்திருக்கும். நான்காவது, குறிப்பிட்ட சடங்கு எதுவும் காரணமில்லை, மிரட்டாத, அரவணைக்கிற சூழல்தான் காரணமாக இருக்கலாம் என்றே அவர்களும் எழுதினார்கள். குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கியிருந்தார் என்பதை மறக்கக் கூடாது.

இந்த நாலு வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளை நம் குழுச் சண்டையை ரெண்டு நிமிஷத்தில் முடித்திருப்பாள். அவள் சாமியையும் பழிக்க மாட்டாள், மாத்திரையை நிறுத்தவும் விடமாட்டாள். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சங்கிலி போட்டுக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றி 28 பேர் கருகினார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. எது குணமாக்குகிறது, எது குணமாக்குவது போலத் தெரிகிறது என்று பிரித்துப் பார்க்க யாரும் இல்லாத இடத்தில் உயிர்தான் போகும். இதைக் 'கணக்கு' என்று ஒதுக்குகிறீர்கள்.

இன்னொரு தராசுக் கதை. பினே-காமத் சோதனை என்று ஒன்று உண்டு. பிரான்சில் 1905இல் ஆல்ஃபிரெட் பினே தொடங்கிவைத்த அறிவுத்திறன் சோதனையின் வழியில் வந்ததை, 1930களில் வி.வி. காமத் என்ற அறிஞர் கன்னடம், மராத்தி பேசும் குழந்தைகளுக்காகத் தழுவி அமைத்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் அது நம் நாட்டில் பல பத்தாண்டுகளுக்கு அப்புறமும் அறிவுத்திறன் குறைபாட்டைத் தீர்மானிக்கப் பயன்பட்டு வந்திருக்கிறது. அளக்கப்படுகிற பிள்ளையின் கையில் சான்றிதழும் சலுகையும், சிறப்புப் பள்ளியா சாதாரணப் பள்ளியா என்பதும் அந்த எண்ணைப் பொறுத்து இருக்கிறது. தாத்தா பாட்டி காலத்து வேற்று மொழிப் பிள்ளைகளை வைத்துக் கோடு கிழித்த அடிக்கோலால் இன்றைக்கு ஏரல் பிள்ளையை அளந்தால் எழுபதுக்குக் கீழா மேலா என்று எப்படி உறுதியாகச் சொல்வது? இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் ஆறுதல் வார்த்தை நன்றாகப் பேசுகிறவராக இருந்தால் போதாது. தரப்படுத்தல் என்றால் என்னவென்று தெரிந்தவராக இருக்க வேண்டும்.

மொழியையும் விட்டுவிடக் கூடாது. வெளிநாட்டு வினாத்தாளை மொபைலில் மொழிபெயர்த்து 'கடந்த இரண்டு வாரங்களில் நீங்கள் மனச்சோர்வாக உணர்ந்தீர்களா?' என்று நம் ஆச்சிமாரிடம் கேட்டால் 'இல்ல' என்றுதான் சொல்வார்கள். அதே ஆச்சியிடம் "ஒறக்கம் வருதா ஆச்சி?" என்று கேளுங்கள். "எங்க வருது? நெஞ்சு படபடங்கு, கையும் காலும் ஓயுது, மழைச் சத்தம் கேட்டா எந்திரிச்சு வாசல்ல வந்து நிக்கேன்" என்பார்கள். ஃபார்மில் அவர் நலம். நிஜத்தில் வெள்ளம் வந்த நாளிலிருந்து அவர் தூங்கவில்லை. வினாவைத் தமிழாக்கி, அதை இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லி, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகு பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்து, அவர்கள் சொல்கிற சொல்லையே வினாவுக்குள் கொண்டுவருவது வரை அந்தத் தாளில் பாடம் இருக்கிறது.

வெள்ளத்தைச் சொன்னேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. நம் கடைத்தெரு மூழ்கியது, ஊர் துண்டிக்கப்பட்டு நின்றது. தண்ணீர் வடிந்த சில நாளில் ஒரு கல்லூரியிலிருந்து பிள்ளைகள் படிவத்தோடு வந்தார்கள். நிவாரணப் பொருளுக்கு வரிசையில் நின்றவர்களிடம் மட்டும் கேட்டார்கள், அதுவும் பகலில். வரிசைக்கு வர முடியாத கிழடுகட்டைகள், வீட்டுக்குள் சேறு அள்ளிக்கொண்டிருந்த பெண்கள், சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டவர்கள், வாழை முழுக்கச் சாய்ந்து வெளியே தலைகாட்டாமல் இருந்த விவசாயிகள், இவர்கள் யாரும் அந்தப் படிவத்தில் இல்லை. 'படிவம் நிரப்பினால்தான் பை கிடைக்குமோ' என்று பயந்தே பலர் கையெழுத்துப் போட்டார்கள். அப்படி வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை என்பதும் முறையியல் பாடம்தான். ஆறு மாதம் கழித்து, ஒரு வருஷம் கழித்து அவர்கள் திரும்பி வரவில்லை. பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அவர்களை அப்படி அனுப்பிவைத்தவர்களைச் சொல்கிறேன்.

திரும்பி வருவது என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டாம். சென்னையில் 1980களின் தொடக்கத்தில் ஸ்கிசோஃப்ரீனியா முதன்முதலாக வந்த 90 பேரை எடுத்துக்கொண்டு, மருத்துவர் தாராவும் உடன் உழைத்தவர்களும் இருபது வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். வீடு மாறியவர்களைத் தேடிப் போனார்கள். யார் குணமானார்கள், யார் வேலைக்குப் போகிறார்கள், யாருக்குக் கல்யாணம் ஆயிற்று, யார் இறந்தார்கள் என்று எழுதினார்கள். சாரதா மேனன் அம்மையார் 1984இல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தின் பெயர் உலக மனநல ஆராய்ச்சியில் நிற்பது இப்படிப்பட்ட உழைப்பால்தான். 'இந்த நோய் வந்தால் வாழ்க்கையே முடிந்தது' என்று நடுங்குகிற தாய்க்கு "இல்லம்மா, தேறி வந்தவங்க நிறையப் பேர் இருக்காங்க" என்று ஒரு ஆலோசகர் தைரியமாகச் சொல்ல முடிகிறதே, அந்த ஆறுதல் வார்த்தை எங்கிருந்து வந்தது அத்தை? தொண்ணூறு பேரை வருஷக்கணக்கில் எண்ணிக்கொண்டே இருந்த ஆட்களிடமிருந்து வந்தது.

இப்போது காசுக்கு புராஜெக்ட் விஷயம். மாப்பிள்ளை, நீங்கள் சொன்ன மாதிரிக் கடை எந்தக் கல்லூரி வாசலிலும் இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங், அப்புறம் மெதுவான குரலில் 'தீசிஸும் செஞ்சு தாரோம்'. போன வருஷம் வேறு யாருக்கோ செய்ததில் ஊர் பெயரை மாற்றுவார்கள். கேட்காத நூறு பேர் பதில் சொன்னதாக எண்களை அடித்து எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் ஓட்டுவார்கள். எல்லாக் கருதுகோளும் அழகாக நிரூபணமாகியிருக்கும். வழிகாட்டி ஆசிரியர் திறந்தே பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். வாய்மொழித் தேர்வில் "உங்க சாம்பிள் சைஸ் என்னம்மா?" என்று ஒரே கேள்வி. அந்தப் பிள்ளை இரண்டு வருஷம் கழித்து ஒரு பள்ளியில் ஆலோசகராக உட்காரும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிற வாரத்தில், தன்னை என்னவாவது செய்துகொள்வேனோ என்று பயந்து ஒரு பையன் அதன் எதிரே வந்து உட்காருவான். என்ன கேட்க வேண்டும், எந்தக் கேள்விக்கு ஆதாரம் இருக்கிறது, எந்த ஆபத்துக் குறியைத் தவறவிடக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. பைண்டிங் கடைக்காரர் அங்கே வந்து சொல்லித் தருவாரா மாப்பிள்ளை?

2025இல் யு.ஜி.சி. உளவியலைத் தொலைநிலைக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று நிறுத்தியது. சோதனைக்கூடமும் நேரடிப் பயிற்சியும் இல்லாமல் இதைப் படிக்க முடியாது என்பது நியாயமான காரணம். ஆனால் ஏரல் மாதிரி ஊரில் கல்யாணமாகி, கைப்பிள்ளையோடு, கரஸ்பாண்டன்ஸில் படித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. அந்தக் கதவை மூடிவிட்டு, நேரடி வகுப்பிலும் காசுக்கு வாங்கிய ஆய்வேட்டுக்கே கையெழுத்துப் போடுவதென்றால் அந்தப் பெண்களுக்குச் செய்தது துரோகம் அல்லவா?

என் பழைய மாணவர் ஒருவர், நல்ல படிப்பாளி, தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். "சார், வெளிநாட்டுல உளவியல் ஆராய்ச்சியே பொய்யின்னு ஆயிருச்சு, நீங்க இன்னும் அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கீங்களே" என்று. அவர் சொல்வதில் பாதி உண்மை. 2015இல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பேர்பெற்ற இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். சுமார் 36 சதவீதத்தில்தான் மறுபடியும் தெளிவான முடிவு கிடைத்தது. அதற்கு முன்னால் 2011இல் நெதர்லாந்தில் டீடெரிக் ஸ்டாப்பெல் என்ற பெரிய பேராசிரியர் எண்களைத் தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்தே கற்பனை செய்தார் என்று அம்பலமாகி, ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

ஆனால் தம்பி, இதையெல்லாம் கண்டுபிடித்தது யார்? வெளியிலிருந்து போலீஸா வந்தது? ஸ்டாப்பெல்லைக் காட்டிக்கொடுத்தது அவருடைய துறையிலேயே இருந்த இளம் ஆய்வாளர்கள். நூறு ஆய்வுகளைத் திரும்பச் செய்ததும் உளவியல்காரர்களே. தன் வீட்டுத் தராசைத் தானே எடுத்துப் போட்டுச் சோதிக்கிற துறை அது. ஜோசியமும் டி.எம்.ஐ.டி.யும் என்றைக்காவது 'நாங்கள் சொன்ன நூறில் இத்தனை தப்பு' என்று அச்சடித்திருக்கின்றனவா?

ஒரு உதாரணம் சொல்லி முடிக்கிறேன். பள்ளி ஆண்டு விழாக்களுக்கு வருகிற பேச்சாளர்கள் மிட்டாய்க் கதை ஒன்று சொல்வார்கள். அமெரிக்காவில் வால்டர் மிஷல் என்பவர் சின்னப் பிள்ளைகள் முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, 'நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் ரெண்டு தருவேன்' என்றார், பொறுத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள், ஆகவே பெற்றோர்களே, பொறுமையைக் கற்றுக்கொடுங்கள் என்று முடிப்பார்கள். 2018இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை வைத்து இதைத் திரும்பப் பார்த்தார்கள். அந்தத் தொடர்பு பாதியாகக் குறைந்தது. வீட்டு வசதி, தாயின் படிப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்ததும் மிச்சமும் பெரும்பகுதி கரைந்துபோயிற்று. நமக்கு இது புரியாதா? ரேஷன் கடையில் 'நாளைக்கு வா' என்று சொல்லி நாளைக்கும் கிடைக்காமல் திரும்பிய வீட்டுப் பிள்ளை, கண் முன்னால் இருக்கிற மிட்டாயை உடனே தின்பது பொறுமைக் குறைவா, புத்திசாலித்தனமா? முறையியல் தெரியாத பேச்சாளர் அந்தப் பிள்ளையின் குணத்தில் குறை இருப்பதாக மேடையில் சொல்லிவிட்டுப் போகிறார். முறையியல் தெரிந்தவர் அந்த வீட்டின் அடுப்படியைப் பார்க்கிறார். யார் மனசைப் படித்தவர்?

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

சொந்தக்காரர்களுக்கு: பிள்ளைகள் ஃபார்ம் அனுப்பினால் உண்மையாக நிரப்புங்கள், ஒரு தடவை மட்டும். பிள்ளை மேல் உள்ள பாசத்தில் மூன்று தடவை நிரப்பி அனுப்புவது உதவி இல்லை. நிரப்ப இஷ்டமில்லை என்றால் விட்டுவிடுங்கள், அது உங்கள் உரிமை. 'எதுக்கு இதெல்லாம்' என்று மட்டும் கேட்காதீர்கள்.

கல்லூரிகளில் பேராசிரியர்களாக இருக்கிற என் மாணவர்களுக்கு: முந்நூறு பேரின் பொய்யைவிட முப்பது பேரின் உண்மை மேல். வாய்மொழித் தேர்வில் நிரப்பிய மூலப் படிவங்களை மேஜையில் வைக்கச் சொல்லுங்கள். 'கருதுகோள் நிரூபணமாகவில்லை' என்று எழுதி வருகிற பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அந்தப் பயத்தில்தான் பாதிப் பொய் பிறக்கிறது. பாடத்தைத் தமிழிலும் விளக்குங்கள். தராசு, பானை, சளி என்று சொன்னால் புரியாத பிள்ளை கிடையாது.

பள்ளிகளை நடத்துகிற என் மாணவர்களுக்கு: ரேகை பார்க்கிறவனையும் கண் கட்டுகிறவனையும் வாசலில் நிறுத்துங்கள். 'எந்த ஆய்வு, எத்தனை பிள்ளைகள், யாரோடு ஒப்பிட்டீர்கள்?' என்று மூன்றே கேள்வி கேளுங்கள். நான்காவது தேவைப்படாது.

உளவியல் படிக்கிற பேத்திகளுக்கும் பேரன்களுக்கும்: அந்தத் தாள் கஷ்டம்தான். கஷ்டப்பட்டுப் படியுங்கள். கணக்கில் எங்கேயாவது சிக்கினால் எனக்குப் போன் போடுங்கள். காலையில் பதினோரு மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன். நியமச்சாய்வை அரை மணி நேரத்தில் புரியவைத்துவிடுவேன். அதற்கு ஃபீஸ் கிடையாது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். கூடவே ஆதாரத்தையும் எழுதுங்கள்.

உங்கள் கணக்கு சார்,
ஏரல்.